சிறு உணவுக் கடைகளில் லேபிள் விதிகள்: போட்டித் தேர்வுக்கான முக்கியக் குறிப்புகள்

குரூப் 2 தேர்வில் தொழிலாளர் உதவி ஆய்வாளர் பணியைக் குறிவைப்பவர்களுக்கும், உணவுப் பாதுகாப்பு அலுவலர் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் இந்தப் பகுதி பொதுவானது. பிரிவு எண்ணைக் கேட்கும் நேரடி வினாக்கள் ஒருபுறம், "இந்தக் கடைக்காரர் குற்றவாளியா, இல்லையா?" என்று கேட்கும் சூழல் வினாக்கள் மறுபுறம். இரண்டாவது வகைக்கு இரண்டே கேள்விகள் பெரும்பாலும் போதும். பொட்டலம் வாடிக்கையாளர் வருவதற்கு முன்பே கட்டப்பட்டதா? சரக்கு யாரிடமிருந்து வந்தது என்று கடைக்காரரால் காட்ட முடியுமா?

1. இரண்டு சட்டங்கள், இரண்டு துறைகள்

• மளிகைக் கடையில் தொங்கும் ஒரு மிக்சர் பாக்கெட் இரண்டு சட்டங்களுக்குக் கட்டுப்பட்டது. உள்ளே இருப்பது என்ன, உண்ணத் தக்கதா என்பதைப் பார்ப்பது உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006. எடையும் விலையும் சரியாக அறிவிக்கப்பட்டனவா என்பதைப் பார்ப்பது சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009.

• உணவுச் சட்டம்: 12 அத்தியாயங்கள், 101 பிரிவுகள், 2 அட்டவணைகள். உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம் (1954), பழப் பொருட்கள் ஆணை (1955), பால் மற்றும் பால் பொருட்கள் ஆணை (1992) முதலியவற்றுக்குப் பதிலாக வந்தது.

• இச்சட்டத்தை நடத்தும் அமைப்பு இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.). தலைமையிடம் டெல்லி. மத்திய சுகாதாரம் மற்றும் குடும்ப நல அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. தலைவர் ஒருவர், உறுப்பினர்கள் 22 பேர். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

• தமிழ்நாட்டில் உணவுச் சட்டத்தை அமல்படுத்துவது உணவுப் பாதுகாப்பு மற்றும் மருந்து நிர்வாகத் துறை. எடையளவுச் சட்டத்தை அமல்படுத்துவது தொழிலாளர் துறை. எம்.ஆர்.பி. இல்லாத பாக்கெட்டைப் பிடிப்பவர் யார், காலாவதியான பாக்கெட்டைப் பிடிப்பவர் யார் என்ற வினாவுக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

2. கால வரிசை

• 2006: உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் இயற்றப்பட்டது.

• 2011, ஏப்ரல் 1: சட்டமுறை எடையளவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பொட்டலப் பொருட்கள் விதிகளும் இதே ஆண்டைச் சேர்ந்தவை.

• 2011, ஆகஸ்ட் 5: உணவுச் சட்டத்தின் விதிகளும் ஒழுங்குமுறைகளும் நடைமுறைக்கு வந்தன.

• 2018: பொட்டலமிடல் ஒழுங்குமுறைகள், விளம்பரம் மற்றும் கூற்றுகள் ஒழுங்குமுறைகள்.

• 2020: லேபிளிடல் மற்றும் காட்சிப்படுத்தல் ஒழுங்குமுறைகள். 2011-இல் பொட்டலமிடலும் லேபிளிடலும் ஒரே ஒழுங்குமுறையாக இருந்தன. பின்னர் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டன.

• 2020, அக்டோபர் 1: பொட்டலமிடாத இனிப்புகளின் தட்டில் 'பெஸ்ட் பிஃபோர்' தேதி வைப்பது கட்டாயமாக்கப்பட்டது.

• 2022, ஜனவரி 1: எண்ணெய், கொழுப்பு சேர்த்த உணவுகளில் தொழிற்சாலை வழி டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு தொடங்கியது.

• 2022, ஜூலை 18: முன்கூட்டியே பொட்டலமிட்டு லேபிளிட்ட அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு (25 கிலோ வரை) 5 சதவீத ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டது. 'பொட்டலப் பொருள்' என்பதன் பொருளை வரிச் சட்டம் எடையளவுச் சட்டத்திலிருந்தே எடுத்துக்கொண்டது.

3. எது 'பொட்டலப் பொருள்'?

• எடையளவுச் சட்டத்தின் வரையறையில் மூன்று கூறுகள் உள்ளன: வாங்குபவர் உடன் இல்லாதபோது பொட்டலமிடப்பட்டிருக்க வேண்டும், அளவு முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும், உறை முத்திரையிடப்பட்டதா இல்லையா என்பது பொருட்டல்ல.

• ஆகவே, காலையில் கடை திறந்ததும் துவரம் பருப்பை அரைக் கிலோ கவர்களில் போட்டு, ரப்பர் பேண்டு சுற்றி அடுக்கி வைத்தால் அவை பொட்டலப் பொருட்கள். அதே பருப்பை வாடிக்கையாளர் கேட்ட பிறகு அவர் கண்முன் எடை போட்டுக் கட்டிக் கொடுத்தால் அது பொட்டலப் பொருள் அல்ல.

• பல கடைக்காரர்கள் "சீல் வைக்கவில்லையே, லேபிள் எதற்கு?" என்று கேட்பது இந்த இடத்தில்தான் சறுக்குகிறது. சட்டம் பார்ப்பது சீலை அல்ல, பொட்டலம் கட்டப்பட்ட நேரத்தை.

• உணவு ஒழுங்குமுறையின் வரையறை சற்று வேறு: உறையைக் கலைக்காமல் உள்ளே இருப்பதை மாற்ற முடியாதபடி பொட்டலமிட்டு, நுகர்வோருக்கு விற்கத் தயாராக இருக்கும் உணவே முன்பொட்டல உணவு.

• மூட்டையாக வாங்கிச் சிறு பாக்கெட்டாகப் பிரித்து விற்பவர் 'மறுபொட்டலமிடுபவர்' ஆகிறார். அதன் பிறகு லேபிளில் வர வேண்டியது அவருடைய பெயரும் முகவரியும் பதிவு எண்ணும்.

• எடையளவு விதிகளில் விலக்குகள்: 10 கிராம் அல்லது 10 மில்லிலிட்டருக்கு உட்பட்ட பொட்டலங்கள்; உணவகங்கள் கட்டித் தரும் துரித உணவு. ஓட்டலில் பார்சல் வாங்கும் தோசைக்கு எம்.ஆர்.பி. தேடக்கூடாது.

4. லேபிளில் கட்டாயம் இருக்க வேண்டியவை

உணவுச் சட்டத்தின்படி:

• உணவின் பெயர்.

• சேர்மானங்கள். தயாரிக்கும்போது இருந்த எடை அல்லது கனஅளவின் இறங்குவரிசையில் எழுத வேண்டும். முதலில் உள்ளதே அதிகம் உள்ளது.

• ஊட்டச்சத்து விவரம், 100 கிராம் அல்லது 100 மில்லிலிட்டர் அளவுக்கு. ஆற்றல், புரதம், கார்போஹைட்ரேட், மொத்தச் சர்க்கரை, சேர்க்கப்பட்ட சர்க்கரை, மொத்தக் கொழுப்பு, நிறைவுற்ற கொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு, கொலஸ்டிரால், சோடியம் ஆகியவை இதில் அடங்கும்.

• ஒருநாள் தேவையில் இத்தனை சதவீதம் என்று கணக்கிட எடுத்துக்கொள்ளும் அடிப்படை: ஆற்றல் 2000 கிலோ கலோரி, மொத்தக் கொழுப்பு 67 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 22 கிராம், டிரான்ஸ் கொழுப்பு 2 கிராம், சேர்க்கப்பட்ட சர்க்கரை 50 கிராம், சோடியம் 2000 மில்லிகிராம் (உப்பாகக் கணக்கிட்டால் 5 கிராம்).

• சைவ அல்லது அசைவக் குறி.

• உணவுச் சேர்க்கைகள்: எந்த வேலைக்காகச் சேர்த்தது என்ற வகைப்பெயருடன், பொருளின் பெயர் அல்லது ஐ.என்.எஸ். எண்.

• ஒவ்வாமை எச்சரிக்கை. எட்டு வகைகள்: குளூட்டன் உள்ள தானியங்கள்; இறால், நண்டு வகை; பால்; முட்டை; மீன்; நிலக்கடலையும் மரக்கொட்டைகளும்; சோயா; கிலோவுக்கு 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள சல்ஃபைட்.

• தயாரிப்பாளர் அல்லது பொட்டலமிட்டவர் பெயர், முகவரி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சின்னம், எண், தொகுதி எண், தேதிகள், தேவைப்பட்டால் பயன்படுத்தும் முறை. இறக்குமதிப் பொருளானால் பிறப்பிட நாடும் இறக்குமதியாளர் முகவரியும்.

எடையளவு விதிகளின்படி:

• நிகர அளவு. உறையின் எடையைச் சேர்க்கக்கூடாது. 'சுமார்', 'சராசரி', 'குறைந்தது' போன்ற சொற்களை அளவோடு சேர்த்து அச்சிடக்கூடாது.

• எல்லா வரிகளும் உள்ளடங்கிய அதிகபட்ச சில்லறை விலை (எம்.ஆர்.பி.).

• அலகு விலை. ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராமுக்கு இவ்வளவு என்றும், அதற்கு மேற்பட்டால் கிலோவுக்கு இவ்வளவு என்றும் குறிக்க வேண்டும். 180 கிராம், 425 கிராம் என்று பல அளவுகளில் வரும் பாக்கெட்டுகளை வாங்குபவர் ஒப்பிட்டுப் பார்க்க இதுவே வழி.

• நுகர்வோர் புகாருக்கான தொடர்பு விவரம்.

மொழியும் இடமும்:

• கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும். தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம். தமிழில் மட்டும் அச்சிட்டால் விதி நிறைவேறாது. வீட்டில் முறுக்கு, அப்பளம் செய்து விற்கும் குழுக்கள் கவனிக்க வேண்டிய விதி இது.

• லேபிள் உறையிலிருந்து பிரிந்து வரக்கூடாது. எழுத்து தெளிவாகவும் அழியாததாகவும் இருக்க வேண்டும்.

• பொட்டலத்தின் பரப்பு 100 சதுர செ.மீ.க்கு மேற்படாவிட்டால் சேர்மானப் பட்டியல், தொகுதி எண், ஊட்டச்சத்து விவரம், பயன்படுத்தும் முறை ஆகியவற்றுக்கு அந்தச் சிறு பாக்கெட்டில் விலக்கு உண்டு. அவை பல பாக்கெட்டுகளை அடக்கிய பெரிய உறையில் இருக்க வேண்டும். சரம் சரமாகத் தொங்கும் சாஷேக்களுக்கு இது பொருந்தும்.

5. தேதிகள்

• 2020 ஒழுங்குமுறையில் கட்டாயமானவை இரண்டு: தயாரித்த அல்லது பொட்டலமிட்ட தேதி, காலாவதித் தேதி ('எக்ஸ்பைரி' அல்லது 'யூஸ் பை'). 'பெஸ்ட் பிஃபோர்' என்பது விருப்பத்துக்குரியது.

• 'யூஸ் பை' தேதி கடந்தால் விற்கவே கூடாது. 'பெஸ்ட் பிஃபோர்' கடந்தால் தரம் குறையலாம்; உணவு உண்ணத் தகாததாகிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை.

• 3 மாதம் வரை கெடாத பொருள்: நாள், மாதம், ஆண்டு மூன்றும். 3 மாதத்துக்கு மேல் தாங்கும் பொருள்: மாதமும் ஆண்டும்.

• காலாவதித் தேதி தேவைப்படாதவை: வினிகர், திடச் சர்க்கரை, சூயிங் கம், வெட்டாத தோலுரிக்காத பழங்களும் காய்கறிகளும் முதலியன.

6. குறியீடுகள்

• சைவம்: பச்சைச் சதுரக் கோட்டுக்குள் பச்சை வட்டம்.

• அசைவம்: பழுப்புச் சதுரக் கோட்டுக்குள் பழுப்பு முக்கோணம். முன்பு இதிலும் வட்டமே இருந்தது. நிறப் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் வடிவத்தைக் கொண்டே பிரித்தறிய முக்கோணம் உதவுகிறது.

• முட்டை சேர்ந்த கேக்குக்கு அசைவக் குறி வேண்டும். பாலும் பால் பொருட்களும் தேனும் அசைவ வரையறைக்குள் வரா.

• இந்தக் குறியே தேவைப்படாதவை: குடிநீர், சோடா போன்ற கார்பனேற்றிய நீர், மதுபானம், திரவப் பால், பால் பவுடர், தேன்.

• சைவ வட்டத்தின் குறைந்தபட்ச விட்டம், முகப்புப் பரப்பைப் பொறுத்தது: 100 சதுர செ.மீ. வரை 3 மி.மீ.; 100–500 வரை 4 மி.மீ.; 500–2500 வரை 6 மி.மீ.; அதற்கு மேல் 8 மி.மீ.

• கறுப்புச் சதுரத்துக்குள் கறுப்புப் பெருக்கல் குறி: மனிதர் உண்பதற்கல்ல. விளக்கேற்றும் எண்ணெய், பூஜை நெய் போன்றவற்றில் இருக்க வேண்டும். சமையல் எண்ணெயும் தீப எண்ணெயும் ஒரே அலமாரியில் நிற்கும் கடைகளில் இந்தக் குறிதான் வேறுபாட்டைக் காட்டுகிறது.

• '+F' சின்னம்: செறிவூட்டப்பட்ட உணவு. 'ஜெய்விக் பாரத்': இயற்கை வேளாண் உணவு. 'அக்மார்க்': 1937-ஆம் ஆண்டின் வேளாண் விளைபொருள் தரப்படுத்தல் சட்டத்தைச் சேர்ந்தது.

7. லூஸ் விற்பனை: எதற்கு அனுமதி, எதற்குத் தடை?

• அரிசி, பருப்பு, முழு மிளகாய், முழு மல்லி ஆகியவற்றை எடை போட்டு விற்கலாம்.

• மசாலாப் பொடிகளை லூஸில் விற்கக்கூடாது. பொட்டலமிட்டே விற்க வேண்டும். முழுப் பொருளில் கலப்படம் கண்ணுக்குத் தெரியும், பொடித்த பின் தெரியாது என்பதே முழுப் பொருளுக்கும் பொடிக்கும் உள்ள வேறுபாடு.

• சமையல் எண்ணெயை லூஸில் அளந்து ஊற்றி விற்கத் தடை உண்டு. மாநில அரசு விலக்கு அளிக்க விதியில் இடம் உள்ளது.

• நேரடி மனித உணவுக்கான உப்பு அயோடின் சேர்த்ததாக இருக்க வேண்டும். அயோடின் அளவு: உற்பத்தி இடத்தில் 30 பி.பி.எம்.முக்குக் குறையாமல், சில்லறைக் கடையில் 15 பி.பி.எம்.முக்குக் குறையாமல்.

• இனிப்புக் கடையில் லட்டு, பால்கோவா தட்டுகளுக்கு முன் 'பெஸ்ட் பிஃபோர்' தேதி கட்டாயம். தயாரித்த தேதி விருப்பம்.

• பஜ்ஜி, வடையைச் செய்தித்தாளில் மடித்துத் தருவதற்கு 2018 பொட்டலமிடல் ஒழுங்குமுறையில் தடை உள்ளது. அச்சு மை உணவில் ஏறுவதே காரணம்.

• உணவகப் பட்டியலில் கலோரி அளவு காட்ட வேண்டியவை: மத்திய உரிமம் உள்ளவை, அல்லது 10 மற்றும் அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை உள்ளவை. தெருமுனை மெஸ் இதில் வராது.

8. பதிவு, உரிமம், பில்

• பிரிவு 31: உரிமமின்றி உணவுத் தொழில் நடத்தக்கூடாது. சிறு உற்பத்தியாளர், சிறு சில்லறை வணிகர், தள்ளுவண்டிக்காரர், தற்காலிகக் கடைக்காரர் ஆகியோருக்கு உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. ஆனால் பதிவு கட்டாயம்.

• 2011 ஒழுங்குமுறை வகுத்த வரம்பு: ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய் வரை பதிவு, பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். விற்றுமுதல் வரம்புகள் திருத்தத்துக்கு உட்பட்டவை. தேர்வு அறிவிக்கை வெளியான நாளில் நடப்பிலுள்ள வரம்பைச் சரிபார்த்துக்கொள்ளவும்.

• உரிம அல்லது பதிவு எண் 14 இலக்கம் கொண்டது. முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் பதிவு. அடுத்த இரண்டு மாநிலக் குறியீடு; தமிழ்நாட்டுக்கு 24. அடுத்த இரண்டு ஆண்டைக் குறிக்கும்.

• 2022 ஜனவரி முதல் ரசீதிலும் பில்லிலும் இந்த எண்ணைக் குறிப்பது கட்டாயம்.

9. கடைக்காரரின் பொறுப்பு: பிரிவு 27

இந்தப் பாடத்தின் மையம் இதுதான். லேபிளை அச்சிடுவது கம்பெனி. ஆனால் அதைப் படித்துப் பார்த்து அலமாரியில் வைப்பது கடைக்காரரின் கடமை.

• பிரிவு 27 உற்பத்தியாளர், மொத்த வணிகர், விற்பனையாளர் என ஒவ்வொருவரின் பொறுப்பையும் தனித்தனியாகச் சொல்கிறது. விற்பனையாளர் ஐந்து நிலைகளில் பொறுப்பாவார்:
  1. காலாவதியான பிறகு விற்றது.
  2. சுகாதாரமற்ற முறையில் கையாண்டது.
  3. லேபிள் தவறான உணவு.
  4. யாரிடமிருந்து வாங்கினார் என்று அடையாளம் காட்ட முடியாத உணவு.
  5. பாதுகாப்பற்றது என்று தெரிந்தே வாங்கிய உணவு.

• நான்காவது நிலையைக் கவனிக்கவும். உணவில் குறையே இல்லாவிட்டாலும், வந்த வழி தெரியாதது கடைக்காரரைச் சிக்க வைக்கும். சைக்கிளில் வந்து பில் இல்லாமல் போட்டுவிட்டுப் போகும் பெயரில்லாத கடலை மிட்டாய் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

• பிரிவு 26(4): விற்பவருக்குச் சரக்கு தருபவர் அதன் தன்மைக்கும் தரத்துக்கும் எழுத்து வடிவில் உத்தரவாதம் தர வேண்டும். தனி உத்தரவாதப் படிவம் இல்லாவிட்டாலும் பில், கேஷ் மெமோ, இன்வாய்ஸ் ஆகியவையே உத்தரவாதமாகக் கருதப்படும். மொத்தக் கடை பில்லைப் பாதுகாத்து வைப்பது கணக்குக்காக மட்டுமல்ல என்பது இதிலிருந்து விளங்கும்.

• பிரிவு 80: உரிய கவனம் அனைத்தும் எடுத்தேன் என்று நிரூபிப்பது தற்காப்பாகும். "நல்ல சரக்கென்று நம்பினேன்" என்பது, அந்த நம்பிக்கை நியாயமானதாக இருந்தாலும், தற்காப்பாகாது. இரண்டும் ஒரே பிரிவில் இருப்பதால் கூற்று–காரண வினாவுக்கு ஏற்றது.

• எடையளவு விதி: எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கக்கூடாது. அச்சிட்ட விலையை அழிக்கவோ மாற்றவோ கூடாது. விலையைக் குறைத்து ஸ்டிக்கர் ஒட்டலாம். அந்த ஸ்டிக்கர் பழைய விலையை மறைக்கக்கூடாது.

10. சோதனை முதல் தீர்ப்பு வரை

• பிரிவு 36: நியமன அலுவலர். பிரிவு 37: உணவுப் பாதுகாப்பு அலுவலர். பிரிவு 38: அவருடைய அதிகாரங்கள்.

• பிரிவு 32: மேம்பாட்டு அறிவிப்பு. குறையைச் சரிசெய்யத் தரும் அவகாசம் 14 நாட்களுக்குக் குறையக்கூடாது.

• பிரிவு 47: மாதிரி நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்படும். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்கு. இரண்டு நியமன அலுவலருக்கு. நான்காவது, வணிகர் கேட்டால், அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு.

• பிரிவு 46: பகுப்பாய்வாளர் 14 நாட்களில் அறிக்கை தர வேண்டும்.

• பிரிவு 40: வாங்கியவரே கட்டணம் செலுத்தி உணவைப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம். விதிமீறல் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

• பிரிவு 68: தண்டம் விதிக்கும் தீர்ப்பு அலுவலர், கூடுதல் மாவட்ட நடுவர் (மாஜிஸ்திரேட்) நிலைக்குக் குறையாதவர். பிரிவு 70: மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம்.

• தமிழ்நாட்டில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் உள்ள இடங்கள்: கிண்டி, தஞ்சாவூர், மதுரை, சேலம், கோயம்புத்தூர், பாளையங்கோட்டை.

11. தண்டம்: பிரிவும் உச்சத் தொகையும்

• பிரிவு 51, தரம் குறைந்த உணவு: 5 லட்சம் ரூபாய் வரை.

• பிரிவு 52, லேபிள் தவறான உணவு: 3 லட்சம் வரை.

• பிரிவு 53, தவறாக வழிநடத்தும் விளம்பரம்: 10 லட்சம் வரை.

• பிரிவு 54, அந்நியப் பொருள் கலந்த உணவு: 1 லட்சம் வரை.

• பிரிவு 49: தொகையைத் தீர்மானிக்கும்போது கிடைத்த ஆதாயம், ஏற்பட்ட இழப்பு, திரும்பத் திரும்பச் செய்தாரா, அறியாமல் செய்தாரா என்பவை கணக்கில் எடுக்கப்படும். ஆகவே 3 லட்சம் என்பது உச்சம். எல்லாக் கடைக்காரருக்கும் விதிக்கப்படும் தொகை அல்ல.

• பிரிவு 69: சிறு உற்பத்தியாளர், சில்லறை வணிகர், தள்ளுவண்டிக்காரர் போன்றோரின் குற்றங்களைச் சமரசத் தொகை பெற்று முடிக்கலாம். சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது.

• பிரிவு 77: குற்றம் நடந்து ஓராண்டுக்குள் வழக்கு. எழுத்துப்பூர்வக் காரணத்துடன் ஆணையர் ஒப்புதல் அளித்தால் 3 ஆண்டு வரை.

12. லேபிளில் செய்யும் கூற்றுகள்

• சர்க்கரை இல்லாதது: 100 கிராமில் 0.5 கிராமுக்கு மேற்படக்கூடாது. சர்க்கரை குறைந்தது: திட உணவில் 5 கிராம், திரவத்தில் 2.5 கிராம் வரை.

• கொழுப்பு குறைந்தது: திட உணவில் 3 கிராம், திரவத்தில் 1.5 கிராம் வரை.

• பெயரிலேயே 'சுத்தமான', 'இயற்கை', 'பாரம்பரிய' போன்ற பொருள்படும் சொல் இருந்து அது வாங்குபவரைத் தவறாக நினைக்க வைக்குமானால், 'இது வணிகப் பெயர் மட்டுமே, பொருளின் உண்மைத் தன்மையைக் குறிப்பதல்ல' என்ற பொறுப்புத் துறப்பு வேண்டும்.

• 2024 ஜூன்: பழச்சாறு லேபிள்களில் '100 சதவீதப் பழச்சாறு' என்ற கூற்றை நீக்குமாறு ஆணையம் உத்தரவிட்டது.

13. சூழல் வினாக்கள்

1. கடைக்காரர் முன்கூட்டியே கால் கிலோ சர்க்கரையைக் கவரில் போட்டு, லேபிள் இல்லாமல் அடுக்கி வைத்திருக்கிறார். சீல் இல்லை. விதிமீறலா? ஆம். அளவு முன்பே தீர்மானிக்கப்பட்டது. வாங்குபவர் உடன் இல்லை.

2. சர்க்கரை பாக்கெட்டில் காலாவதித் தேதி இல்லை. விதிமீறலா? இல்லை. திடச் சர்க்கரைக்கு விலக்கு உண்டு. மற்ற விவரங்கள் தேவை.

3. முட்டை சேர்த்த பிஸ்கட்டில் பச்சை வட்டம். எந்தப் பிரிவு? பிரிவு 52. உணவு தரமானதாக இருந்தாலும் லேபிள் தவறு.

4. பிஸ்கட்டின் 'யூஸ் பை' தேதி நேற்றோடு முடிந்தது. கடைக்காரர் பாதி விலைக்கு விற்கிறார். பொறுப்பாவாரா? ஆம், பிரிவு 27. விலையைக் குறைத்தது தற்காப்பாகாது.

5. பெயர் பெற்ற கம்பெனியின் உறை திறக்காத பாக்கெட் ஆய்வில் தரம் குறைந்ததாகத் தெரிகிறது. கடைக்காரரிடம் மொத்த வணிகரின் பில் இருக்கிறது. தேதியும் சேமித்த முறையும் சரி. அவருக்குத் துணையாவது எது? பிரிவு 26(4)-இன்படி உத்தரவாதமாகக் கருதப்படும் பில். பிரிவு 80-இன்படி உரிய கவனம் என்ற தற்காப்பு.

6. அதே பாக்கெட், பில் இல்லை, யாரிடம் வாங்கினார் என்று சொல்லவும் முடியவில்லை. விடை மாறுமா? மாறும். பிரிவு 27-இன் நான்காவது நிலை பொருந்தி, கடைக்காரரே பொறுப்பாவார்.